ஓபரா பயின்றால் கர்நாடகக் குரல் கெட்டுவிடுமா?

ஜூன் 8 (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே கர்நாடக இசை கற்கிறாள். வர்ணங்களை முடித்து இப்போது கீர்த்தனைகள் பாடுகிறாள். கோவையில் மேற்கத்திய வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்ந்து ஓபரா எனும் மேற்கத்திய இசை நாடகப் பாட்டுகளைக் கற்க வேண்டும் என்று சில மாதங்களாகப் பிடிவாதம் பிடிக்கிறாள். அவளுடைய பாட்டு ஆசிரியையோ, குரல் கெட்டுவிடும், ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகம் போய்விடும் என்கிறார். எனக்கு ஓபரா என்பது கத்தலாகத்தான் கேட்கிறது; ஒரு சொல்லும் புரிவதில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9

கத்தலா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் கோவையில் குரல் பயிற்சி கற்பிப்பவன். இளமையில் பிடித்த ஓபரா மோகம் தலை நரைத்த பின்னும் விடவில்லை. எனவே நான் சொல்வதை ஒரு பக்கத்து வழக்கறிஞரின் வாதமாகவே கேளுங்கள்.

கத்தும்போது மூச்சை ஒரேயடியாகத் தள்ளி, குரல்நாண்களை இறுக்கி மோதவிடுகிறோம். பத்து நிமிடத்தில் தொண்டை கமறும். அரை மணியில் குரல் கம்மிவிடும். ஓபரா பாடகர் கனத்த உடையோடும் ஒப்பனையோடும் மூன்று மணி நேரம் மேடையில் நின்று, ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டி, ஒலிபெருக்கி இல்லாமல் பாடிவிட்டு, இரண்டொரு நாள் கழித்து அதே பாத்திரத்தை மறுபடியும் பாடுகிறார். கத்துபவரால் இது ஒரு நாளும் இயலாது.

அப்படியானால் அந்தக் குரல் எப்படிக் கடைசி வரிசை வரை போகிறது? மொத்த வாத்தியக் குழுவும் சேர்ந்து எழுப்பும் ஒலியின் வலு ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பகுதியில் மிகுந்திருக்கிறது. அதற்கு மேலே போகப் போகக் குறைந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனி மேடு எழும்புகிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுந்த்பெர்க் 1970-களில் இதை அளந்து விளக்கினார். குரல்வளையைச் சற்றுத் தாழ்த்தி, அதன் மேற்புறத் திறப்பு குறுகலாகவும் அதற்கு மேலுள்ள தொண்டை அகலமாகவும் இருக்கும்படி பழகினால் இந்த மேடு தானே உண்டாகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியில்தான். வாத்தியங்கள் வலுவிழக்கும் இடத்தில் குரல் நுழைந்துவிடுவதால், அதிகப்படியான மூச்சு விசை தேவைப்படுவதில்லை.

இத்தகைய குரல் ஏன் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1607-இல் இத்தாலியின் மாந்துவா அரண்மனையில் இசையமைப்பாளர் மொந்தெவெர்தியின் ‘ஓர்ஃபேயோ’ ஓபரா நடந்தபோது கேட்டவர்கள் ஓர் அறைக்குள் அடங்கும் அளவினர். 1637-இல் வெனிஸ் நகரில் காசு கொடுத்து யாரும் உள்ளே போகக்கூடிய முதல் ஓபரா அரங்கு திறந்தது. அதன் பிறகு அரங்குகள் பெருத்தன, வாத்தியங்கள் பெருகின. மின்சாரம் இல்லாத காலத்தில் அவற்றுக்கு ஈடுகொடுக்கும் பொறுப்பு முழுவதும் பாடகரின் உடம்பின் மீது விழுந்தது. நீங்கள் கத்தல் என்று கேட்பது அந்த உடம்பு பல தலைமுறைகளாகக் கண்டுபிடித்த தீர்வு.

ஜூன் 9, இரவு

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், 3000 ஹெர்ட்ஸ் என்றெல்லாம் சொன்னால் எங்களுக்குப் பிடிபடாது என்கிறார். நம் ஊரிலேயே நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

சோமனூர்ப் பக்கமிருந்து என்னிடம் பயில வரும் மாணவியின் வீட்டோடு விசைத்தறிக் கூடம் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தோளை ஒட்டி நின்றவர் பேசியதுகூட எனக்குக் கேட்கவில்லை. கூடத்தின் மறுகோடியில் இழை அறுந்த தறியை நிறுத்திவிட்டு, மாணவியின் தாயார், “அம்மணீ, அந்தத் தார்க்குச்சியக் கொண்டா” என்றார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்து விழுந்தது. நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் நரம்பு புடைக்கவில்லை. தாடை நன்றாக இறங்கியது. ‘ணீ’யின் உயிரொலி நீண்டு, பேச்சுச் சுருதியைவிட நாலைந்து ஸ்வரம் மேலே போய் நின்றது. கன்னமும் மூக்குத்தண்டும் சேர்ந்து அதிர்வதைப் போன்ற ஒரு பளிச்சென்ற தன்மை அந்தக் குரலில் இருந்தது. வகுப்பில் மாதக்கணக்காக நான் மன்றாடிப் பெற முயலும் ஒலி அது.

இரைச்சலில் பேசுவோர் தம்மையறியாமல் குரலை உயர்த்திக் கூர்மையாக்கிக்கொள்வதை 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் விவரித்தார். தறிக்கூடத்தில் இதைத் தொண்டை நோகாமல் செய்யக் கற்றுக்கொள்பவர்களும் உண்டு. வலிந்து செய்து நிரந்தரமாகக் குரல் கரகரத்துப் போனவர்களும் உண்டு. முதல் வகையினரின் வழக்கம் என்ன என்பதைக் கண்டு, அதை எல்லோருக்கும் கற்பிக்கக்கூடியதாக ஆக்கியதே ஓபரா பயிற்சி.

ஜூன் 12

ஈரோட்டுக்காரரே, உங்களுக்குத் தனியாக இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலிருந்து கரூர் போகும் ரயிலில் ஏறினால் கொடுமுடி வருகிறது. 1908-இல் அங்கே பிறந்த கே. பி. சுந்தராம்பாள் பாடிப் பெயர் பெற்ற நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. ஸ்பெஷல் நாடகங்கள் இரவு தொடங்கி விடியும் வரை நடந்தன. கூட்டம் திறந்த வெளியில் அமர்ந்திருக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் உச்சக் கட்டையில் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேலே குரல் எழும்பாவிட்டால் அடுத்த ஊரில் அழைப்பு இல்லை. அவரோடு பாடி நடித்து, அவரை மணந்து, 1933-இல் இளம் வயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலும் அந்த மேடையில் வளர்ந்ததுதான்.

பிற்காலத்துத் திரைப்படங்களில் சுந்தராம்பாள் பாடுவதைக் காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். தார ஸ்தாயியில் ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தும்போது அந்த ஒலி சிறுத்துப் போவதில்லை. மேலே போகப் போக விரிகிறது. மெய்யெழுத்துகள் சுருக்கென்று வெட்டப்படுகின்றன. உயிரெழுத்துகள் முழு வாயில் நிற்கின்றன. எனக்கு இத்தாலியப் பாடகிகளின் பழைய இசைத்தட்டுகளும் கொடுமுடியின் குரலும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவை. சுந்தராம்பாள் பாடியதைக் கத்தல் என்று கொங்கு நாட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஜூன் 13

சொல் புரியாததற்குக் காரணம் உண்டு. உயிரெழுத்துகளைக் காது இனம் காண்பது வாயறையின் ஒத்ததிர்வுகளை, அதாவது வாயறை தனித்து வலுப்படுத்தும் அதிர்வெண்களைக் கொண்டு. பெண் குரல் மிக உயரே போகும்போது, ஸ்வரத்தின் அதிர்வெண்ணே ‘இ’, ‘உ’ போன்ற உயிர்களின் முதல் ஒத்ததிர்வைத் தாண்டிவிடுகிறது. அங்கே பாடகி தாடையைத் திறந்து ஒத்ததிர்வையும் மேலே தூக்கிக்கொள்கிறார்; இல்லையென்றால் ஒலி மெலிந்துவிடும். அப்போது எல்லா உயிரும் ‘ஆ’காரத்தை நோக்கிச் சாய்கின்றன. மொத்சார்ட்டின் 1791-ஆம் ஆண்டு ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவில் இரவின் அரசி தொடும் உச்ச ஸ்வரம் ஏறத்தாழ 1400 ஹெர்ட்ஸ். அங்கே ஜெர்மானியருக்கே சொல் புரியாது. இதனால்தான் முக்கியமான வரிகளை இசையமைப்பாளர்கள் நடு ஸ்தாயியில் வைப்பார்கள், அல்லது பலமுறை திரும்பச் சொல்ல வைப்பார்கள். 1983-இல் டொராண்டோவில் தொடங்கி, மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளைக் காட்டும் வழக்கம் இன்று எங்கும் பரவிவிட்டது.

ஜூன் 16

கோயம்புத்தூரில் பிறந்தவனுக்கு இது எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்கிறார்கள். தேவாலயப் பாடற்குழுதான் காரணம். ஐந்து கோடு ஸ்வரக்குறிப்பு எங்களுக்குத் தெரியாது; டோ ரே மி எழுத்துகளைக் கொண்ட டானிக் சோல்ஃபா தாளில் பார்த்து நான்கு குரல்களாகப் பிரிந்து பாடுவோம். கிறிஸ்துமஸ் வந்தால் ஹாண்டெலின் ‘மெசையா’விலிருந்து அல்லேலூயா பாடாமல் ஆராதனை முடியாது. மெசையா ஓபரா அன்று. ஆனால் அதை எழுதியவர் அதற்கு முன்பு லண்டனில் இத்தாலிய ஓபராக்களை எழுதிக் குவித்தவர். அந்தச் சங்கீதத்தின் மூச்சு எனக்கு அங்கேதான் முதலில் பழக்கமாயிற்று.

பிறகு டவுன்ஹால் பக்கத்துக் கடையில், 1990-இல் ரோமில் மூன்று டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்கள்) சேர்ந்து பாடிய கச்சேரியின் கேசட் கிடைத்தது. அதன் வழியாக, அவர்களில் ஒருவரான பாவரொட்டியைத் தேடிப் போனேன். தோனித்சேத்தி 1832-இல் எழுதிய ‘காதல் கஷாயம்’ ஓபராவில் அவர் பாடும் ஒரு தனிப்பாட்டு என்னைக் கட்டிப்போட்டது. கதாநாயகன் நெமொரீனோ ஓர் ஏழைக் கிராமத்து இளைஞன். நம் சந்தைகளில் லேகியம் விற்பவரைப் போன்ற ஒருவன் மலிவான மதுவைக் காதல் மருந்து என்று அவன் தலையில் கட்டிவிடுகிறான். நகைச்சுவைக் கதை. அதன் நடுவே, தான் விரும்பும் பெண்ணின் கண்ணில் ஒளிந்து வந்த ஒரு துளி நீரை அவன் கண்டுவிட்டபோது, அரங்கு முழுவதும் அடங்கி, ஒற்றை பஸ்ஸூன் வாத்தியம் சோகமான மைனர் ஸ்வரங்களில் தொடங்குகிறது. குரல் அதே வரியை மெல்ல எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் சரணத்தின் முடிவில், இனிச் செத்தாலும் போதும் என்ற வரி வரும் இடத்தில் மைனர் மேஜராகத் திரும்புகிறது. காந்தாரம் ஒன்று மாறுகிறது. நம் காதுக்கு, துயரம் தோய்ந்த ராகத்திலிருந்து சங்கராபரணத்துக்கு வாசல் திறந்தாற்போல் இருக்கும்.

அந்த ஓர் இடத்துக்காக நான் இத்தாலிய உச்சரிப்பைப் படித்தேன், பியானோ படித்தேன், கிடைத்த ஆசிரியர்களைத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் வந்தேன். பெரிய அரங்குகளில் பாடும் குரல் எனக்கு வாய்க்கவில்லை. கற்பிக்கும் காது வாய்த்தது; அது எனக்குக் கிடைத்த பெரும் பேறு.

ஜூன் 18

இனி உண்மையான கேள்வி. கமகம் போய்விடுமா?

உங்கள் மகளின் ஆசிரியை காரணமில்லாமல் அஞ்சவில்லை. இரு முறைகளும் குரல்வளையிடம் வேறுவேறு வேலைகளைக் கேட்கின்றன. நம் பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு) பாடுகிறார்கள். ஐந்து கட்டை என்றால் தார பஞ்சமம் 587 ஹெர்ட்ஸில் நிற்கும். பலருக்கு மேல் எல்லை அதுதான். அதுவரை மார்புக் குரலிலேயே கொண்டுபோகிறார்கள். அதற்கு மேலே உள்ள இலேசான குரலைக் கள்ளக்குரல் என்று ஒதுக்கிவிடுவதால் பல மாணவிகள் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருப்பதில்லை. ஓபரா பயிற்சியில் சொப்ரானோ என்னும் மிக உயர்ந்த பெண் குரல் 1046 ஹெர்ட்ஸுக்கும் போக வேண்டும். அந்த மேல்தளம் இல்லாமல் ஒரு பாட்டும் நகராது. என்னிடம் வரும் கர்நாடக மாணவிகளுக்கு முதல் சில மாதங்கள் இந்தக் கதவைத் திறப்பதிலேயே கழிகின்றன. திறந்த பின்பு பலருக்குத் தார ஸ்தாயியில் இருந்த இறுக்கமும் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அசைவுகளிலும் வேறுபாடு உண்டு. ஓபராக் குரலில் கேட்கும் அதிர்வு நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை, ஒரே ஸ்வரத்தைச் சுற்றி, தானாக நிகழ்வது. எந்தப் பாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. கமகங்களில் ஒன்றான நம் கம்பிதம் ராகத்தால் ஆளப்படுவது. தோடியின் காந்தாரம் எங்கிருந்து புறப்பட்டு எதைத் தொட்டு மீள வேண்டும் என்பதைக் காது கட்டளையிட, குரல்வளை இலேசாக ஓடி நிறைவேற்ற வேண்டும். தாழ்த்தி நிலைநிறுத்திய குரல்வளையோடு தோடி பாடினால் காந்தாரம் கனத்துப் போகும். ஆசிரியை அஞ்சுவது இதைத்தான்.

என் முடிவு: இரண்டையும் ஒரே அமர்வில் பாடக் கூடாது. காலையில் அகார சாதகம் செய்பவள் மாலையில் ஓபரா ஸ்வரப் பயிற்சி செய்யலாம். நடுவில் குரல் ஓய வேண்டும். அரங்கேற்றமோ தேர்வோ நெருங்கும் மாதத்தில் மற்றதை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒழுங்கைக் காத்தவர்களுக்குக் கமகம் கெட்டதை நான் கண்டதில்லை. கலந்தடித்துப் பாடியவர்களுக்கு இரண்டுமே கெட்டதைக் கண்டிருக்கிறேன்.

அயல் சங்கீதம் பட்டாலே நம் சங்கீதம் தீட்டாகிவிடும் என்ற எண்ணம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். முத்துசுவாமி தீட்சிதர், மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். நொட்டுஸ்வரங்கள் என்று இன்றும் பிள்ளைகள் அவற்றைப் பாடுகிறார்கள். அதனால் அவருடைய கமகத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஜூன் 24

உச்சரிப்பைப் பற்றி எழுத மறந்தால் வகுப்பு முழுமையடையாது. இத்தாலிய மொழியைப் பாடுவதற்குத் தமிழ்ப் பிள்ளைகள் பாதி தயாராகவே வருகிறார்கள். ஆங்கிலம் பேசுவோர் உயிரெழுத்தை இழுக்கும்போது இறுதியில் வேறு உயிராக வழுக்கிவிடுவார்கள். நம் பிள்ளைகள் ‘ஏ’, ‘ஓ’ என்றால் நீட்டிய வரை அதிலேயே நிற்பார்கள். ‘த’வும் ‘ப’வும் காற்று வெடிக்காமல் வருகின்றன, இத்தாலியத்துக்கு அப்படித்தான் வர வேண்டும். இரட்டித்த மெய்களை நம்மைப் போலவே அவர்களும் அழுத்தி நிறுத்துகிறார்கள். இரவைக் குறிக்கும் ‘நொத்தே’ என்ற சொல்லை ஒரு திருப்பூர்ப் பையன் முதல் முறையிலேயே சரியாகச் சொன்னான். ‘பத்து’, ‘முத்து’ என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அது எளிது.

சிக்கல் ஒற்றை மெய்யில் வருகிறது. உயிர்களுக்கு நடுவே வரும் ககரத்தையும் தகரத்தையும் நாம் மெலித்துவிடுகிறோம். நண்பனைக் குறிக்கும் ‘அமீக்கோ’வில் ககரம் இரட்டிக்கவும் கூடாது, மெலிந்து ஸ்பானிய மொழிபோல ஆகிவிடவும் கூடாது. இந்த ஒரு மெய்க்காக ஒரு முழு வகுப்பைச் செலவிட்டிருக்கிறேன், செலவிட்டது வீண் போகவில்லை.

ஜூலை 1

ஜூன் 12 குறிப்பைப் படித்தவர்கள் நான் ஒலிவாங்கிக்கு எதிரி என்று எண்ணிக்கொண்டார்கள். இதைப் பற்றி மேலும் யோசித்தேன். ஒலிவாங்கி வந்ததால்தான், மேடையில் எடுபடாத மென்குரல்களின் நுணுக்கம் நமக்குக் கிடைத்தது. காதோடு பாடுவதுபோன்ற தாலாட்டைத் தறிக்கூடத்துக் குரலில் யாரும் கேட்க விரும்பமாட்டார்கள். என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ஐம்பது பேர் அமரும் பள்ளி அறையிலும் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி வைக்கிறார்கள். பாடும் பிள்ளைக்குத் தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போகிறது. அது தெரியாதவருக்குக் குரலின் அளவு கைவசமாகாது.

பழைய பதிவுகளைக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான். கிராமஃபோன் நிறுவனத்தின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் 1902 ஏப்ரலில் மிலான் விடுதியறையில் இத்தாலிய டெனர் கரூசோவின் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். அதே ஆண்டு நவம்பரில் அவரே கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மின் ஒலிவாங்கிப் பதிவு 1925-இல்தான் வந்தது. அதுவரை இருவருக்கும் முன்னால் இருந்தது ஒரு தகரக் கூம்பு மட்டுமே. குரலின் விசையால் மெழுகில் ஊசி கீறியது. இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால், வெவ்வேறு சங்கீதங்கள் ஒரே தேவைக்கு எப்படி முகம் கொடுத்தன என்பது விளங்கும்.

ஜூலை 9

ஈரோட்டுக்காரர், மகளைச் சேர்த்துவிட முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார். எதில் தொடங்குவது என்கிறார்.

பதினைந்து வயதில், கனத்த குரல் கேட்கும் புச்சினி, வெர்தி ஓபராக்கள் வேண்டாம். எந்த ஆசிரியராவது முதல் ஆண்டிலேயே புச்சினியின் ‘தோஸ்கா’ பாட்டைக் கையில் கொடுத்தால் வேறு ஆசிரியரைப் பாருங்கள். 1832-இல் இத்தாலியப் பாட்டு ஆசிரியர் வக்காய் வெளியிட்ட பயிற்சி நூல் இன்றும் ஈடற்றது. ஸ்வர இடைவெளிகளைச் சிறு சிறு இத்தாலியப் பாடல்களாகவே கற்பித்துவிடுகிறது, குரலையும் கீழே இறக்காது, மேலே முறுக்காது. அதன் பிறகு காச்சினியின் ‘அமரில்லி’, கல்தாராவின் ‘செப்பென் க்ரூதேலே’ போன்ற பழைய தனிப்பாட்டுகள் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு அவற்றில் வேலை இருக்கிறது.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். இளநீர்க் கடையில் தரும் உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து, தம்ளர் நீரில் இரண்டு விரற்கடை ஆழம் மூழ்கும்படி பிடித்து, அதன் வழியே ‘ஊ’ என்று ஸரிகமபத ஏறி இறங்கச் சொல்லுங்கள். குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். திடீரென்று கொப்பளித்தால் மூச்சு முட்டித் தள்ளுகிறது. நின்றுவிட்டால் தொண்டை பிடிக்கிறது. குழலின் எதிர்விசை குரல்நாண்களை மெத்தென்று அதிரவைப்பதால் கம்மிய குரலுக்கும் இது நல்லது. ஐந்து நிமிடம் போதும். ஆடிக்காற்றில் தூசி பறக்கும் நாட்களில் பாடுவதற்கு முன் வெந்நீர் ஆவியும் பிடிக்கட்டும்.

கூடவே தம்பியையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். பதின்மூன்று வயது, மகரக்கட்டு உடையத் தொடங்கியிருக்கிறது என்கிறார். சேர்க்கலாம், உச்ச ஸ்வரத்தைத் தேடாமல், வசதியான ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் மெல்லப் பாட வைக்கும் ஆசிரியராக இருந்தால் மட்டும். அந்த வயதில் குரல்நாண்கள் மாதத்துக்கு மாதம் நீள்கின்றன. இன்று டெனர், நாளை பாஸ் என்று யாரும் பெயர் சூட்ட வேண்டியதில்லை.

பாடும்போது வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பாட்டு ஆசிரியரிடம் மருந்து கேட்காமல், குரல்நாண்களை உள்நோக்கிக் கருவியால் பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். 1850-களில் ஒரு சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் பிடித்து, வெயிலின் உதவியால் பாடும் குரல்நாண்களை முதன்முதலில் கண்டு விவரித்த மனுவேல் கார்சியா ஒரு பாட்டு ஆசிரியர்தான். அவர் திறந்த வழியில்தான் மருத்துவர்கள் இன்று பார்க்கிறார்கள்.